காலண்டர் தாளின் பின்பக்கம்: முதல் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறவர்களுக்கு

என் தங்கைக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அக்கா, பால் குடுக்கும்போது ரொம்ப வலிக்குமா? நீ அழுதது இன்னும் காதுக்குள்ளயே இருக்கு" என்று கேட்டாள். என் மூத்த மகள் பிறந்தபோது இவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் நடுராத்திரியில் அழுததையெல்லாம் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. கோவில்பட்டியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 2018, இளையவன் 2022. இரண்டும் ஆபரேஷன்தான். மூத்தவளுக்குப் பால் கொடுக்கப் பத்து நாள் தவித்தேன். இளையவனோ பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிட்டான். அதே உடம்பு, அதே மார்பு. நடுவில் ஒரு நர்ஸம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த சில விஷயங்கள்தான் அந்த வித்தியாசத்தைச் செய்தன. பால் கொடுப்பது பெற்றவளுக்குத் தானாக வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தர வேண்டியிருந்தது.

பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்

மூத்தவள் பிறந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். ஆபரேஷன் முடிந்து என்னை வார்டுக்குக் கொண்டுவர நாலு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் "பாப்பா அழுகுது, அம்மாவுக்கு இன்னும் பால் ஊறல" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் பால்பவுடரைக் கலக்கிப் புட்டியில் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் அப்படியே போனது. புட்டியில் வாய் வைத்ததும் பால் கொட்டும். மார்பில் அப்படி இல்லை, குழந்தைதான் உழைத்து எடுக்க வேண்டும். அவள் என் மார்பில் வாய் வைத்ததும் கத்தித் தலையைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன்.

இளையவன் சமயம் ஒன்பதாம் மாதமே மருத்துவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் அறையிலேயே பிள்ளையை என் நெஞ்சில் துணியில்லாமல் போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க ஒரு சிஸ்டர் உதவ வேண்டும். வேறு எதைக் கொடுப்பதாக இருந்தாலும் காரணம் சொல்லி எங்களைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். மருத்துவர் உடனே சரி என்றார். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் ஆபரேஷனில் நமக்கு நினைவு இருக்கும். சிஸ்டர் பிள்ளையைக் குறுக்கே பிடித்துக்கொள்ள, நான் மல்லாந்து படுத்தபடியே கொடுத்தேன். அவன் மூக்கு என் தோலில் உரசி, தேடி, தானாகவே காம்பைக் கண்டுபிடித்தான். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்று. 1992-ல் வந்த சட்டப்படி நம் நாட்டில் பால்பவுடருக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கவும் கூடாது. யாராவது டப்பாவை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

சேனை பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணியோ தேனோ நாக்கில் தொட்டு வைப்பார், அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. பெரியவர்கள் ஆசையையும் நான் மறுக்க விரும்பவில்லை. மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, முதலில் சுரக்கும் என் சீம்பாலில் ஒரு சொட்டை விரலில் எடுத்து, "இதவிட எது தித்திக்கும்" என்று பேரன் நாக்கில் வைத்தார். அதுவே சேனை ஆகிவிட்டது.

சீம்பாலைப் பீச்சி வெளியே விடச் சொல்லும் ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். விடாதீர்கள். மஞ்சளாய், பிசுபிசுப்பாய், ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன்கூட வராது. முதல் நாள் குழந்தையின் வயிறே ஒரு கோலிக்குண்டு அளவுதான், 5 முதல் 7 மில்லி பிடிக்கும். அதற்கு அந்தச் சில சொட்டுகள் போதும். நோய் எதிர்ப்புச் சத்து அதில்தான் அடர்த்தியாக இருக்கிறது. நிறைந்து வழியும் பால் மூன்றாம் நாளிலோ நாலாம் நாளிலோதான் இறங்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகலாம். இது தெரியாததால்தான் முதல் நாளே "பால் இல்லை" என்ற பேச்சு எழுகிறது.

"காம்பைக் குடுக்காத தாயி, மார்பைக் குடு"

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள். எட்டயபுரம் பக்கம் அம்மா ஊர். என் இரண்டு காம்பும் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிள்ளை அழுதாலே எனக்கு உடம்பு நடுங்கும். அன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிராம சுகாதார செவிலியர் வந்தார். ஊரில் எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கையைக் கழுவிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, "எப்படிக் குடுக்கேன்னு காட்டு" என்றார். நான் குனிந்து காம்பைப் பிள்ளை வாயில் திணித்தேன். அப்போது அவர் சொன்னதுதான் மேலே உள்ள தலைப்பு.

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு ஒரு பொம்மையை வைத்துப் பழகிப் பாருங்கள்.

முதலில் நீங்கள் சாய்ந்து உட்காருங்கள். சுவரில் முதுகுக்குத் தலையணை, மடியில் ஒரு தலையணை. நீங்கள் பிள்ளையை நோக்கிக் குனியக் கூடாது, பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்தே கொடுத்தால் ஒரே வாரத்தில் முதுகு விட்டுப்போகும்.

பிள்ளையின் உடம்பு முழுக்க உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். தலை மட்டும் திரும்பி, உடம்பு மேலே பார்த்துக் கிடந்தால் எப்படி விழுங்கும்? நாம் தோளுக்குமேல் திரும்பிக்கொண்டு தண்ணி குடித்துப் பார்த்தால் தெரியும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில். வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். கையால் பிள்ளையின் கழுத்தடியையும் தோளையும் தாங்குங்கள். பின்னந்தலையைப் பிடித்து அமுக்கினால் எதிர்த்துத் தள்ளும்.

காம்பு பிள்ளையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும், வாய்க்கு நேராக வேண்டாம். மேலுதட்டில் காம்பை லேசாக உரசுங்கள். காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருங்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளை அழுகிற பதற்றத்தில் பாதி திறந்த வாய்க்குள்ளேயே தள்ளிவிடுவேன். வாய் பெரிதாகத் திறந்ததும் பிள்ளையைச் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். மோவாய் முதலில் மார்பில் பட வேண்டும். கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்கும், மேல்பக்கம் கொஞ்சம் வெளியே தெரியும்.

சரியாகப் பிடித்தால் முதல் சில நொடி இழுப்பதுபோல் இருக்கும், பிறகு வலி இருக்காது. கன்னம் உப்பலாக இருக்கும். முதலில் வேகவேகமாகச் சப்பும், பால் இறங்கியதும் இழுத்து, நிறுத்தி, விழுங்கும். "க்ளக்" என்று மெல்லிய சத்தம் கேட்கும். கன்னம் குழிந்தாலோ, "டிக் டிக்" என்று சத்தம் வந்தாலோ, வலி நிற்கவே இல்லை என்றாலோ பிடிப்பு தவறு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். உங்கள் சுண்டுவிரலைச் சுத்தம் செய்து பிள்ளையின் வாயோரத்தில் நுழைத்தால் பிடி விடும். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். நர்ஸம்மா அன்று என்னை ஏழு தடவை எடுத்து வைக்கச் சொன்னார். ஏழாவது தடவை வலிக்கவில்லை. அந்தத் திடீர் நிம்மதியில் நான் அழுதேன். அம்மாவும் அழுதாள்.

ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தையல்மேல் பிள்ளை கிடந்தால் வலிக்கும். பக்கவாட்டில், கைப்பையை இடுக்கிக்கொள்வதுபோல் பிள்ளையின் கால்கள் உங்கள் முதுகுப்பக்கம் போகும்படி கக்கத்தில் வைத்துக் கொடுக்கலாம். ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். ராத்திரிக்கு அதுதான் எனக்குக் கை கொடுத்தது.

புட்டிக்குப் பழகிய பிள்ளை திரும்பி வருமா என்று கேட்பீர்கள். என் மகள் பத்தாம் நாள் வந்தாள். அதுவரை பீச்சிய பாலை, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணமான பாலாடையில் கொடுத்தோம். எங்கள் ஊரில் அதைச் சங்கு என்போம். நாள் முழுக்கச் சட்டை போடாமல் என் நெஞ்சிலேயே போட்டுக்கொண்டு, அவள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது மார்பைக் கொடுத்துப் பழக்கினேன். பசி முற்றிக் கத்தும்போது புதிதாக எதையும் பழக்க முடியாது. கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கை நீட்டுவது, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுவது, இவைதான் பசியின் அடையாளம். அழுகை வருவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

பால் போதுமா? துணியை எண்ணுங்கள்

"பிள்ளைக்குப் பால் பத்துதா?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த உறவினரும் நம் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. மார்பு மெத்தென்று இருந்தால் பால் இல்லை என்பார்கள். பீச்சிப் பார்த்து, இவ்வளவுதானா என்பார்கள். பிள்ளை அடிக்கடி கேட்டால் வயிறு நிறையவில்லை என்பார்கள். இவை எதுவுமே கணக்கு ஆகாது. மூன்று நாலு வாரத்தில் மார்பு மெத்தென்றுதான் ஆகும், பிள்ளைக்கு வேண்டிய அளவைச் சுரக்க உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். பிள்ளை உறிஞ்சும் அளவுக்குப் பீச்சினால் வராது.

நர்ஸம்மா அம்மாவிடம், "உள்ள போறது தெரியாது, வெளிய வர்றது தெரியும்ல. அத எண்ணுங்க" என்றார். அம்மா உடனே சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் கிழித்த தாளை எடுத்து, பின்பக்கம் கோடு போட்டாள். மூத்திரத் துணிக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு வட்டம். பென்சிலை நூலில் கட்டி ஆணியில் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து நாற்பது நாள் தினமும் ஒரு தாள்.

முதல் நாள் ஒரு துணி நனைந்தால் போதும், இரண்டாம் நாள் இரண்டு. ஐந்தாம் நாளுக்குமேல் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும், நிறம் வெளிறியிருக்க வேண்டும். முதலில் தார்போல் கறுப்பாய் வரும் மலம் நாலைந்து நாளில் மஞ்சளாய், திரிதிரியாய் மாறிவிடும். எடை முதல் சில நாள் குறையும். 7 சதவீதம் வரை பயப்பட வேண்டியதில்லை, 10 சதவீதத்தை நெருங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். பிறகு ஒரு நாளைக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறும். அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ எடை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே தராசில் போடுங்கள்.

கணக்கு எழுதுகிற வேலை என்பதாலோ என்னவோ, அந்தத் தாள்கள் எனக்குப் பெரிய தைரியம். சித்தி ஒருத்தி வந்து பிள்ளை மெலிந்திருக்கிறது என்று சொன்ன நாளில் எட்டுக் கோடுகள் இருந்தன. அம்மா பேசாமல் அந்தத் தாளைக் காட்டினாள்.

ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கேட்பது இயல்பு. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை விடாமல் கேட்கும் நாட்களும் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில், ஆறு வாரத்தில், மூன்று மாதத்தில் திடீரென்று இரண்டு மூன்று நாள் ஓயாமல் குடிக்கும். அந்த நாட்களில்தான் பலர் பயந்து டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். அந்த இரண்டு நாள் மற்ற எல்லா வேலையையும் வீட்டாரிடம் விட்டுவிட்டுப் பிள்ளையோடு படுத்துவிடுங்கள்.

ஆறு மாதம் வரை தண்ணிகூட வேண்டாம். எங்கள் கரிசல் காட்டுச் சித்திரை வெயிலிலும் வேண்டாம், பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்து மட்டும் கொடுங்கள்.

புண்ணும் பால்கட்டும்

காம்பு வெடித்தால் முதல் மருந்து பிடிப்பைத் திருத்துவது. குடித்து முடித்ததும் உங்கள் பாலையே ஒரு சொட்டு தடவிக் காற்றாட விடுங்கள். அந்த இடத்தில் சோப்பு போடாதீர்கள். வலி குறைவான பக்கத்தில் தொடங்குங்கள்.

பால் இறங்கும் மூன்றாம் நாலாம் நாளில் மார்பு கல்லாகிவிடும். பால்கட்டு என்று நம் பக்கம் சொல்வது இதைத்தான். இறுகிய மார்பைப் பிள்ளையால் கவ்வ முடியாது. கொடுப்பதற்கு முன் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வையுங்கள். பிறகு விரல் நுனிகளால் கருவட்டத்தைச் சுற்றி மெதுவாக உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் அந்த இடம் இளகும். கொஞ்சம் பீச்சிவிட்டுக் கொடுங்கள். முடித்த பிறகு குளிர்ந்த துணி. எங்கள் தெருவில் ஒரு பாட்டி அழுத்தித் தேய்த்துவிட வந்தார். தேய்த்தால் வீக்கம் கூடும். நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டேன்.

மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால்கட்டு வடியும் என்று பாட்டிகள் சொல்வார்கள். வடியும், ஆனால் பாலும் வற்றும். பாலை நிறுத்த அது உதவுகிறது என்று வேலூர் மருத்துவர்கள் செய்த ஆய்வு 1988-ல் வெளிவந்திருக்கிறது. பாலை நிறுத்தத்தான் அந்தப் பூ. பிள்ளையை இழந்துவிட்டு மார்பில் பால் சுரந்து நிற்கும் தாய்க்கு அது பெரிய ஆறுதல். பால் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் தலையில் வைத்துக்கொள்ளுங்கள், மார்பில் கட்ட வேண்டாம்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், அந்தப் பாலால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. எந்த மருந்து வாங்கும்போதும் "பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாடும் பேச்சும்

பச்சை உடம்புக்குப் பத்தியம் என்ற பெயரில் தண்ணியைக் குறைப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கும். தண்ணி குடித்தால் வயிறு போடும் என்று முதல் வாரம் எனக்கு டம்ளர் கணக்கில் அளந்து கொடுத்தார்கள். பால் இறங்கும்போது வரும் தாகம் வேறு எந்தத் தாகத்தையும் போல இல்லை. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணி எப்போதும் இருக்கட்டும், தாகத்துக்குக் குடியுங்கள்.

மற்றபடி நம் ஊர்ப் பிரசவச் சாப்பாடு நல்ல சாப்பாடு. அம்மா கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் காயம் என்ற பிரசவ மருந்தைக் கிண்டினாள். நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, முருங்கைக்கீரை, தூத்துக்குடியிலிருந்து அப்பா வாங்கி வந்த பால்சுறாவில் புட்டு. இவை பாலை ஊற்றெடுக்க வைக்குமா என்றால், சுரக்க வைப்பது பிள்ளையின் வாய்தான். ஆனால் ஒரு பெண்ணை உட்கார வைத்து, சூடாகப் பரிமாறி, "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று சொல்வது அவளுக்குத் தெம்பு தரும். அந்தத் தெம்பு பால் கொடுக்க உதவும்.

பயந்தால், கூச்சப்பட்டால், யாராவது குத்திப் பேசினால் பால் இறங்கத் தாமதமாகும், இதை நானே பார்த்தேன். அதனால் வீட்டில் ஒரு ஆளைக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை என் வீட்டுக்காரர் அந்த வேலையைச் செய்தார். பிள்ளை பார்க்க வருகிறவர்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்புவார். ராத்திரி நான் கொடுத்து முடித்ததும் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, தூளியில் போடுவது அவர் பொறுப்பு. இந்த உதவியைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ராத்திரி

பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம் சுரக்கும். அதனால் ராத்திரிப் பாலை விட்டுவிடாதீர்கள். பகலில் பிள்ளை தூங்கும்போது நீங்களும் படுத்துவிடுங்கள். தாய்மார் எல்லாரும் இதைச் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. நான் இரண்டாம் தடவை செய்தேன்.

தங்கைக்கு நான் சொல்ல விரும்பியதில் முக்கியமானது இதுதான், வலியை மட்டும் அடுத்த அறையிலிருந்து கேட்டவள் அல்லவா அவள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணி இருக்கும். மின்வெட்டு. சிம்னி வெளிச்சத்தில் மகள் குடித்துக்கொண்டிருந்தாள். பசியோடு வரும்போது பிள்ளைகளின் கை இறுக மூடியிருக்கும். வயிறு நிறைய நிறைய அந்த முஷ்டி ஒவ்வொரு விரலாக மலரும். கடைசியில் கை முழுக்கத் திறந்து என் மார்பின்மேல் இலைபோல் விழுந்தது. வாயோரம் ஒரு சொட்டுப் பால். தூக்கத்திலேயே ஒரு சிரிப்பு. நான் தூங்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு வருடம் ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கை மலர்வதைப் பார்த்தேன். அலுக்கவே இல்லை.

அப்புறம் திருநெல்வேலி பஸ்ஸில் ஒருநாள் முன்சீட்டில் யார் பிள்ளையோ அழுதது. என் மார்பில் சுரீரென்று பால் இறங்கிப் புடவை நனைந்துவிட்டது. என் பிள்ளை வீட்டில் இருந்தாள். வெட்கப்பட ஒன்றுமில்லை, உடம்பு அப்படித்தான். ஒரு கைத்துண்டு பையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2015-லிருந்து பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டிக் கிடந்தால் சாவி கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது

2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் நாலே பேர், அதனால் சட்டம் எனக்குப் பொருந்தவில்லை. மூன்று மாதத்தில் திரும்பினேன். பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன், போட்டுக் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

பம்பு வாங்கவில்லை, கையாலேயே பீச்சினேன். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, காம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின்மேல் இழுக்கக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் சொட்டாய் வரும், பிறகு பீச்சும். பிள்ளையின் போட்டோவைப் பார்த்தால் சீக்கிரம் இறங்கும். வேலைக்குப் போக இரண்டு வாரம் முன்பே பழகிவிடுங்கள்.

கொதிக்க வைத்துக் காய்ந்த எவர்சில்வர் டப்பாவில் பிடித்து, நேரம் எழுதி ஒட்டுங்கள். 25 டிகிரி வரை வெளியில் 4 மணி நேரம் இருக்கலாம் என்பார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவராது. நான் ஐஸ்கட்டி போட்ட பெரிய டப்பாவுக்குள் வைத்து, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். ஃபிரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். கரண்ட் போய்ப் போய் வந்ததால் நான் மறுநாளே கொடுத்துத் தீர்த்துவிடச் சொன்னேன். மேலே ஆடைபோல் கொழுப்பு ஒதுங்கும், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை வைத்துச் சூடு ஏற்றுங்கள். பிள்ளை வாய் வைத்து மிச்சமானதைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள். மாமியார் பாலாடையில் கொடுத்தார், அதனால் மகள் மறுபடி புட்டிக்குப் பழகவில்லை.

உண்மையிலேயே போதாமல் போனால்

சிலருக்குப் போதாது. தைராய்டு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் முன்பு நடந்த ஆபரேஷன், குழந்தையின் நாக்கடியில் ஒட்டிய தசை என்று காரணங்கள் உண்டு. ஐந்தாம் நாளுக்குமேல் துணிக் கோடுகள் ஆறுக்குக் கீழே போனால், இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பாவிட்டால், பிள்ளை குடிக்க எழாமல் சோர்ந்தே கிடந்தால், மஞ்சள் காமாலை கால்வரை இறங்கினால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தானமாகப் பால் தரும் தாய்ப்பால் வங்கிகள் சில அரசு மருத்துவமனைகளில் உண்டு. மருத்துவர் சொல்லிப் பால்பவுடர் கொடுக்க வேண்டி வந்தால் அளவு தவறாமல் கலக்கி, பாலாடையில் கொடுங்கள். மார்பையும் கூடவே கொடுங்கள். அதைக் கொடுத்ததற்காக எந்தத் தாயையும் யாரும் குறை சொல்லக் கூடாது. அவளுக்குப் பசித்த பிள்ளை முக்கியம்.

தாயும் முக்கியம். இரண்டு வாரத்துக்குமேல் அழுகை ஓயாமல், தூக்கம் வராமல், பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாமல் இருந்தால் வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104-ஐக் கூப்பிட்டாலும் பேசுவார்கள். பெற்ற உடம்புக்கு வருகிற ஒரு நோய் அது, சரியாகக்கூடியது.

ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சியும் மசித்த பருப்புச் சோறும் தொடங்கி, இரண்டு வயதுவரையும் அதற்குமேலும் கொடுக்கலாம். மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவுவார்கள். நான் தடவவில்லை. ஒவ்வொரு நேரமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம் ஆனபோது, ஒருநாள் ராத்திரி கேட்காமலே கதை கேட்டுத் தூங்கிவிட்டாள். அன்று அவள் கை மலர்ந்தே இருந்தது.

தங்கைக்கு ஐப்பசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையில் பருத்தித் துணிகள், முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, பாலாடை, சொம்பு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அம்மா நேற்று காலண்டரிலிருந்து கிழித்த தாள்களை அடுக்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, நூலில் பென்சிலைக் கட்டிக் கொண்டுவந்து பையின் மேலாக வைத்தாள்.